நேம் பிளேட் இல்லாத துறை

கோயமுத்தூர் கணபதியிலே, பிரதான சாலையை விட்டு உள்ளே திரும்பும் குறுகலான வீதியொன்றில், மூன்று சி.என்.சி. யந்திரங்களையும் ஆறு ஆட்களையும் வைத்துக்கொண்டு, பம்புக் கம்பெனிகளுக்கு ஜாப் ஆர்டர் செய்து கொடுத்து வருகிற பெரியவர் ஒருவரை நான் நெடுங்காலமாக அறிவேன். அவருடைய பட்டறையில் மிகுந்த பத்திரத்தோடு காக்கப்படும் பொருள் எதுவென்று கேட்டால், லட்சக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய அந்த யந்திரங்களைக் காட்டமாட்டார். சுவரோரத்து இரும்பு பீரோவைத் திறந்து, எண்ணெய்ப் பிசுக்கும் இரும்புத் தூசியும் அண்டாதபடி பழைய வேட்டித் துணியில் சுற்றி வைத்திருக்கும், விசைப்பலகையில் பாதி எழுத்துகள் தேய்ந்துபோன, பாட்டரி செத்துப் பல வருஷங்களான ஒரு மடிக்கணினியை எடுத்து மேஜைமேல் வைப்பார். "இது போச்சுதுன்னா மிஷினு நின்னு போயிருமுங்க" என்று அவர் சொல்லும்போது, வீட்டில் ஒரு மூத்த ஜீவனைப் பற்றிச் சொல்லுகிற பரிவு அந்தக் குரலில் இருக்கும்.

காரணம் அந்தக் கணினியின் முதுகில் இருக்கிறது. ஒன்பது ஊசிகள் கொண்ட சீரியல் போர்ட் அங்கே உண்டு. இன்று கடையில் விற்கும் மடிக்கணினிகளில் அதைக் காண்பது அபூர்வம். அந்தப் போர்ட்டின் அருகே, விரல் அகலத்து அலுமினியத் தகடு ஒன்றை வெட்டி ஒட்டி, அதில் பஞ்சு என்னும் இரும்பு எழுத்தச்சுகளால் தட்டி, 9600, 7, ஈவன், 2 என்று பதித்து வைத்திருக்கிறார். யந்திரமும் கணினியும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளுவதற்கு உடன்பட்ட நிபந்தனைகள் அவை: விநாடிக்கு 9600 பிட் வேகம், எழுத்துக்கு ஏழு பிட், பிழை பார்க்க இரட்டைப்படைச் சோதனை, முடிவுக்கு இரண்டு பிட். ஷிப்டு மாறி வேறு ஆள் வந்தாலும் அந்தத் தகட்டைப் பார்த்துப் புரோக்ராம் ஏற்றிவிடலாம். நான் சொல்ல வந்த விஷயம் முழுவதும் அந்தச் சிறிய தகட்டில் அடங்கியிருக்கிறதென்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆர்.எஸ். 232 என்று பெயர் பெற்ற இந்தச் சீரியல் முறை 1960-ஆம் ஆண்டில் அமெரிக்க மின்னணுத் தொழிற் சங்கத்தார் வகுத்தது. தொலைபேசிக் கம்பி வழியே தட்டச்சுப் பொறிகள் செய்தி அனுப்பிய காலத்துக்காக ஏற்பட்ட அந்த ஏற்பாடு, பின்னாளில் கணினிக்கும், அங்கிருந்து சி.என்.சி. யந்திரத்தின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கும் வந்து சேர்ந்தது. விநாடிக்கு 9600 பிட் என்றால் ஏறத்தாழ 900 எழுத்துகள். ஒரு பம்பு இம்பெல்லரைக் கடைவதற்கான கட்டளைகள் சில பக்கங்களே ஆதலால், கண் இமைக்கும் நேரத்தில் இல்லாவிட்டாலும், ஒரு வாய் டீ குடிக்கும் நேரத்துக்குள் யந்திரத்தின் நினைவில் ஏறிவிடும். ஒன்பது ஊசிகளில் அன்றாடம் வேலை செய்பவை மூன்றுதான். இரண்டாவது ஊசி கேட்கும், மூன்றாவது பேசும், ஐந்தாவது இருவருக்கும் பொதுவான தரை. மற்றவற்றை ஒன்றோடொன்று இணைத்து வாய்ப்பூட்டுப் போட்டுவிட்டு, மூன்று கம்பிகளை மட்டும் சால்டர் செய்து தாமே கேபிள் கட்டிக்கொள்ளத் தெரிந்தவர்கள் ஆவாரம்பாளையத்திலும் சிட்கோவிலும் இன்றும் இருக்கிறார்கள்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. யந்திரத்தின் எர்த்தும் மடிக்கணினி சார்ஜரின் எர்த்தும் ஒரே மட்டத்தில் இல்லாத பட்டறைகளில், இரண்டையும் ஓடவிட்டுக்கொண்டே கேபிளைச் செருகினால், அந்த மட்டவேறுபாடு முழுவதும் இந்த மெல்லிய கம்பி வழியாகவே சமன்படப் பார்க்கும். போர்ட் கருகும், சில சமயம் யந்திரத்தின் கார்டும் கூடவே போகும். இரண்டையும் நிறுத்திவிட்டுச் செருகுவதும், மடிக்கணினியைப் பாட்டரியில் ஓட்டுவதும் இதற்குக் கைகண்ட மருந்து. பாட்டரி செத்த கணினியை வைத்திருக்கும் என் நண்பர் சார்ஜரைப் பிடுங்க வழியில்லாதவர். ஆகையால் பட்டறையின் எர்த்துக் குழியில் உப்பும் கரியும் இட்டு நீர் ஊற்றுவதை, கோயிலுக்கு விளக்கேற்றுகிறவரைப் போல் கிரமம் தவறாமல் செய்து வருகிறார்.

அவர் புதிய மடிக்கணினி ஒன்றை வாங்கிக்கொண்டு வந்த அன்றுதான், போர்ட்டுகளைப் பற்றிய இந்தச் சிந்தனை எனக்குள் முளைத்தது. பெட்டியைப் பிரித்து, கணினியின் இரு பக்கங்களையும் கையால் தடவிப் பார்த்துவிட்டு, அவர் கேட்ட கேள்வி இது: "பழைய பொட்டில ஒவ்வொரு ஓட்டையும் ஒவ்வொரு தினுசா இருந்துச்சுங்க, பார்த்தா தெரியும். இதுல எல்லாம் ஒண்ணாட்டவே இருக்குதுங்களே, எது எதுக்குன்னு எப்படிங்க கண்டுபிடிக்கறது?" எனக்கு உடனே விடை சொல்லத் தெரியவில்லை.

அவர் சொன்னது உண்மை. 1990-களின் நடுப்பகுதி வரையில் ஒரு கணினியின் பின்புறம், பல சாதியினரும் தத்தம் துறையில் இறங்கி நீராடிய பழைய ஆற்றங்கரை போன்றது. விசைப்பலகைக்கு ஒரு வட்டத் துளை, அச்சுப்பொறிக்கு 25 ஊசி கொண்ட நீண்ட துளை, மோடத்துக்கு 9 ஊசித் துளை, திரைக்கு 15 ஊசித் துளை. ஒன்றில் செருக வேண்டியது மற்றொன்றில் நுழையாது. அந்தப் பேதங்கள் தொல்லையாக இருந்தன என்பது மெய்யே. ஆனால் வடிவமே அறிவிப்புப் பலகையாகவும் இருந்து வந்தது.

அந்தத் தொல்லையைத் தீர்க்க வேண்டுமென்று பாடுபட்டவர்களில் முதன்மையானவர் ஒரு பாரத தேசத்தவர் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது அவசியம். பரோடா மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் படித்து, அமெரிக்கா சென்று, இன்டெல் கம்பெனியில் பொறியாளராக இருந்த அஜய் பட், வீட்டிலுள்ள எவரும் மின்சாரப் பிளக்கைச் செருகுவது போலவே கணினியிலும் எதையும் செருகிவிடும்படி செய்ய முடியாதா என்று எண்ணினார். இன்டெல், மைக்ரோசாஃப்ட், ஐ.பி.எம். முதலிய ஏழு கம்பெனிகள் கூடி 1996 ஜனவரியில் வெளியிட்ட யு.எஸ்.பி. என்னும் பொதுத் துறை அவ்விதம் பிறந்தது. நான்கே தொடுமுனைகள்: இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு செய்திக்கு. வேகம் விநாடிக்கு 12 மெகாபிட். அந்த நீள்சதுரத் தலையை எந்தப் பக்கமாகச் செருகினாலும் போகும்படி செய்திருக்கலாகாதா என்று உலகம் முழுவதும் கேட்டார்கள். அப்படிச் செய்தால் கம்பியும் சுற்றும் இருமடங்காகி விலையும் ஏறியிருக்கும், விலை ஏறினால் எவரும் ஏற்றுக்கொண்டிருக்கமாட்டார்கள் என்று அவர் பின்னாளில் விளக்கம் சொன்னார். மலிவாய் இருப்பதே ஒரு பொருள் ஊர் முழுவதும் பரவுவதற்கு வழி என்பதைக் கோவைத் தொழிலாளிக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

பரவிற்று. பரவிய பிறகு வேகம் வளர்ந்தது. 2000-இல் 480 மெகாபிட், 2008-இல் 5 கிகாபிட், 2013-இல் 10, 2017-இல் 20, 2019-இல் 40, 2022-இல் 80. வாசகர் இங்கே ஒரு கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்: இவையெல்லாம் பிட்டுக் கணக்கு, நாம் கோப்புகளை அளப்பதோ பைட்டுக் கணக்கு, எட்டுப் பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே 480 மெகாபிட் என்று பெரிதாகத் தோன்றுவது 60 மெகாபைட்டே. அதிலும் வழிச்செலவு போகக் கைக்கு வருவது 35, 40 தான். 2008-இல் வந்த மூன்றாம் தலைமுறையில் பழைய நான்கு முனைகளுக்குப் பின்னால் புதிதாக ஐந்து முனைகளைச் சேர்த்து, ஒன்பதாக்கி, வேறுபாடு தெரிவதற்காக உள்ளிருக்கும் பிளாஸ்டிக்கை நீல நிறமாக்கும் வழக்கத்தையும் உண்டாக்கினார்கள். நீலம் வேகம், கறுப்பும் வெள்ளையும் நிதானம் என்று பட்டறைப் பையன்களும் மனப்பாடம் செய்துகொண்டார்கள். கட்டாயமில்லாத வழக்கமாதலால் அதையும் பல கம்பெனிகள் கைவிட்டன.

பெயர்களின் கதை இன்னும் வருத்தத்துக்குரியது. 5 கிகாபிட் வேகமுள்ள ஒரே பொருளுக்கு முதலில் 3.0 என்றும், பிறகு 3.1 முதல் தலைமுறை என்றும், அதன் பிறகு 3.2 முதல் தலைமுறை என்றும் மூன்று முறை நாமகரணம் நடந்தது. பெட்டியின்மேல் 3.2 என்று கண்டு புதுமை என்று மகிழ்ந்து வாங்குகிறவர், 2008-ஆம் வருஷத்து வேகத்தையே வாங்குகிறார். பொய் சொல்லப்படவில்லை, ஆனால் தெரிய வேண்டியதும் சொல்லப்படவில்லை.

2014 ஆகஸ்டில் டைப்-சி வந்தது. எப்பக்கம் செருகினாலும் போகும் அந்த நீள்வட்டத் துளையை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பவானி கூடுதுறை நினைவுக்கு வருகிறது. வடக்கிலிருந்து காவிரியும் மேற்கிலிருந்து பவானியும் கண் காண வந்து கலக்க, கண்ணுக்குப் புலப்படாத அமுத நதியும் அங்கே சேர்கிறதென்று நம் பெரியோர் சொல்லுவார்கள். டைப்-சி துளையிலும் மின்சாரம் வருகிறது, செய்தி வருகிறது, சிலவற்றில் திரைக்குரிய காட்சியும் வருகிறது. இவற்றுக்கெல்லாம் பின்னால், பயன்படுத்துகிறவர் அறியாமல் ஒரு நுண்ணிய கம்பியில் இரு பக்கத்துச் சாதனங்களும், 'உனக்கு எத்தனை வோல்ட் தாங்கும், நீ கொடுப்பவனா வாங்குபவனா' என்று விசாரித்துக்கொள்ளுகின்றன. விசாரணை முடியும் வரையில் ஐந்து வோல்டுக்கு மேல் விடமாட்டார்கள். முடிந்த பிறகே ஒன்பது, பதினைந்து, இருபது என்று ஏறும். 2021-இல் திருத்திய விதிகளின்படி 48 வோல்ட், 240 வாட் வரைக்கும் ஏறலாம். 24 தொடுமுனைகளுக்குள் இத்தனையையும் அடக்கிய புத்தி மகத்தானது.

அந்த 24 முனைகளைப் பிரித்துப் பார்த்தால்தான் நம்முடைய பெரியவரின் கேள்விக்கு விடை கிடைக்கும். நான்கு மின்சாரத்துக்கு, நான்கு தரைக்கு, நான்கு பழைய 480 மெகாபிட் வழிக்கு, எட்டு அதிவேக வழிகளுக்கு, இரண்டு மேற்சொன்ன விசாரணைக்கு, இரண்டு உபரிக் காரியங்களுக்கு. அதிவேகத்துக்குரிய எட்டையும் இணைக்காமல் வாளா விட்டுவிட்டுக் கம்பெனிகள் துளையைப் பொருத்தலாம். விதி அதை அனுமதிக்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றே. 2023-இல் வந்த ஐபோன் 15 வரிசையில், சாதாரண மாதிரிக்கும் விலையுயர்ந்த புரோ மாதிரிக்கும் அதே டைப்-சி துளைதான். முன்னதில் 480 மெகாபிட், பின்னதில் 10 கிகாபிட். இருபது மடங்கு பேதம்! மடிக்கணினிகளிலோ ஒரே கணினியின் இடப்பக்கத்துத் துளையும் வலப்பக்கத்துத் துளையும் வெவ்வேறு திறன் கொண்டிருப்பது சர்வ சாதாரணம். ஒன்றில் திரையை இணைக்கலாம், மற்றொன்றில் இணைத்தால் படம் வராது. ஒன்று கணினிக்கே சார்ஜ் ஏற்றும், மற்றொன்று ஏற்றாது. இன்டெல் 2015 முதல் தன்னுடைய தண்டர்போல்ட் என்னும் 40 கிகாபிட் வழியையும் இதே துளைக்குள் குடியேற்றிவிட்டபடியால், அருகிலுள்ள சிறிய மின்னல் குறியைக் கவனிக்காதவருக்கு அதுவும் தெரியாது.

துளை மட்டுமா? கேபிளும் அப்படியே. இதை நான் அறிந்தது சொந்த அனுபவத்தில். கோபிசெட்டிபாளையத்தில் எங்கள் உறவினர் வீட்டுக் கலியாணம். சீர்களெல்லாம் குறைவின்றி, அருமைக்காரர் முன்னின்று நடத்தி, இரண்டு நாள் நடந்த அந்த வைபவத்தின் படங்களும் வீடியோவும் சேர்ந்து 200 ஜி.பி. இருந்தன. அடுத்த முகூர்த்தத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த போட்டோக்காரத் தம்பி தன் கையடக்க வட்டை என்னிடம் கொடுத்து, "பிரதி எடுத்துக்குங்க" என்றார். என் மடிக்கணினியோ, டைப்-சி இருக்கிறது, வேகத்துக்குக் குறைவில்லை என்று கடைக்காரர் வாக்குக் கொடுத்து விற்றது. பையில் இருந்த நல்ல தடித்த கேபிளை எடுத்துச் செருகினேன். திரை ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்றது. கணினி பழுது என்று நான் நொந்துகொண்டிருக்க, அந்தத் தம்பி கேபிளைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "அய்யா, இது சார்ஜர் கேபிளுங்க" என்று சொல்லி, சாண் நீளமுள்ள தன்னுடைய கேபிளை மாட்டினார். பத்து நிமிஷம் ஆகவில்லை. என் கேபிள் மின்சாரத்தை வெகு தாராளமாகக் கடத்தும். செய்தியை மட்டும் 480 மெகாபிட்டுக்கு மேல் கடத்தாது. அதற்குள் அதிவேகக் கம்பிகளே இல்லை. தடித்ததனால் வேகம் என்று நான் எண்ணியது, கரை உயர்ந்த வாய்க்காலில் தண்ணீரும் அதிகம் இருக்கும் என்று எண்ணுவது போல.

கொங்கு நாட்டுக்காரருக்கு இந்த விஷயம் புதிதல்ல என்பதே என் வாதம். லேத்துப் பட்டறையில் ஒரு வாரம் நின்ற பையனுக்கு, அரை அங்குல போல்ட் என்று சொன்னால் போதாது என்று தெரியும். 1841-இல் இங்கிலாந்தில் ஜோசப் விட்வொர்த் வகுத்த மரைக்கு அரை அங்குலத்தில் அங்குலத்துக்கு 12 சுற்று, 55 பாகை. அமெரிக்க மரைக்கு அதே பருமனில் 13 சுற்று, 60 பாகை. பார்வைக்கு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். ஒன்றின் நட்டை மற்றொன்றில் ஏற்றினால் சில சுற்று போகும், பிறகு இறுகி நின்றுவிடும். அந்த இறுக்கத்தில் ஒரு நேர்மை உண்டு. 'நான் உன் ஜோடியல்ல' என்று மரையே சொல்லிவிடுகிறது. டைப்-சியில் அந்த மறுப்பு இல்லை. எந்தக் கேபிளையும் எந்தத் துளையும் இன்முகத்தோடு ஏற்றுக்கொள்ளும். இரண்டில் எது மந்தமோ அதன் வேகத்துக்கு மௌனமாக இறங்கிக்கொள்ளும். பயன்படுத்துகிறவர், பணம் கொடுத்து வாங்கிய வேகம் தமக்குக் கிட்டவில்லை என்பதை அறியாமலே வருஷக்கணக்கில் உட்கார்ந்து காத்திருப்பார். பொருந்தாததைப் பொருந்தாது என்று சொல்லாத சாதனத்துக்கு, அதன் திறனை எழுத்திலே எழுதி வைப்பதொன்றே நியாயமான பரிகாரம்.

எழுதி வைக்கும் பழக்கத்துக்கு உதாரணம் தேடி நாம் வெளியூர் போக வேண்டியதில்லை. பைக்காராவிலிருந்து மின்சாரம் வந்து சேர்ந்த 1930-களிலே, பீளமேட்டில் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து 1937-இல் இந்தியாவின் முதல் மின்சார மோட்டாரைச் செய்து காட்டிய ஊர் இது. அன்று தொடங்கிய அந்தத் தொழிலில், நேம் பிளேட் இல்லாமல் ஒரு மோட்டாரோ பம்போ வாசலைத் தாண்டுவதில்லை. ஹெட் எத்தனை மீட்டர், விநாடிக்கு எத்தனை லிட்டர், எத்தனை குதிரைச் சக்தி, எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர், குழாய் எத்தனை மில்லிமீட்டர் என்பதெல்லாம் தகட்டில் அடித்து ரிவெட் வைத்திருக்கும். அன்னூரிலும் பல்லடத்திலும், பள்ளிக்கூடத்தின் பக்கம் அதிகம் போகாத குடியானவர்கூட, போர் எத்தனை அடி, தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்பதைச் சொல்லி, அந்தத் தகட்டைப் படித்துப் பார்த்துத்தான் மோட்டார் வாங்குகிறார். எண்களைச் சொன்னால் ஜனங்கள் குழம்பிவிடுவார்கள் என்று கணினிக் கம்பெனிகளின் சார்பில் பேசுகிறவர்கள் சொல்லுவதுண்டு. ஹெட்டையும் டிஸ்சார்ஜையும் பேஸையும் அறிந்து ஆயிரம் அடிப் போருக்கு மோட்டார் இறக்குகிற மனிதர், 5, 10, 40 என்ற மூன்று எண்களைக் கண்டு குழம்புவார் என்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

அளவைகளிலும் நாம் இந்தக் குழப்பத்தைக் கடந்து வந்தவர்களே. வள்ளம் என்ற ஒரே சொல் கொங்கு நாட்டில் தானியத்துக்கும் வழங்கிற்று, நிலத்துக்கும் வழங்கிற்று. படி என்றால் எந்த ஊர்ப் படி என்று கேட்க வேண்டியிருந்த காலமும் உண்டு. 1956-இல் எடை அளவைச் சட்டம் வந்து, மீட்டரும் கிலோவும் நிலைபெற்ற பிறகே சந்தையில் அந்த வழக்குகள் ஓய்ந்தன. இன்று அரிசிப் பை ஒன்றை எடுத்தாலும் நிகர எடை, உச்ச விலை, செய்தவர் பெயர் எல்லாம் அச்சிட்டிருக்கும். 2009-ஆம் வருஷத்துச் சட்டமும் 2011-ஆம் வருஷத்து விதிகளும் அதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. ஐம்பதாயிரம் ரூபாய் மடிக்கணினியின் துளை எத்தனை அளக்கும் என்பது மட்டும் எந்தச் சட்டத்துக்கும் உட்படாமல் இருக்கிறது.

வெளிநாட்டில் செய்த ஏற்பாடுகளை நான் குறைத்துப் பேசவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் இயற்றிய ஆணையின்படி, கைப்பேசி முதலியவற்றுக்கு 2024 டிசம்பர் 28 முதலும் மடிக்கணினிகளுக்கு 2026 ஏப்ரல் 28 முதலும் டைப்-சி துளையே கட்டாயம். நம் நாட்டிலும் இந்தியத் தர நிர்ணய அமைவனம் டைப்-சிக்குரிய தரத்தை வெளியிட்டு, 2023 ஜனவரியில் அதை அறிவித்தது. வீட்டுக்கு ஐந்தாறு சார்ஜர்கள் சேர்ந்து குப்பையாவதை இவை தடுக்கும். அது பெரிய உபகாரம். ஆனால் ஐரோப்பிய ஆணை சார்ஜ் ஏற்றுவதைக் குறித்தது; எத்தனை வாட் தேவை என்பதைப் பெட்டிமேல் குறியிட்டுக் காட்ட வேண்டும் என்று கேட்கும் அந்த ஆணை, செய்தி எத்தனை வேகத்தில் செல்லும் என்பதைக் காட்டச் சொல்லவில்லை. மின்சாரத்துக்குத் தகடு வந்துவிட்டது, செய்திக்குத் தகடு வரவில்லை. யு.எஸ்.பி.யை நிர்வகிக்கும் மன்றத்தாரே 2022-இல் பழைய தலைமுறைப் பெயர்களை ஒதுக்கிவிட்டு, துளையருகிலும் கேபிளிலும் 5, 10, 20, 40 கிகாபிட் என்று நேரடியாக எண்ணை எழுதுங்கள் என்று யோசனை சொன்னார்கள். யோசனையாகவே நின்றுவிட்டதால், விரும்பியவர் எழுதுகிறார், விரும்பாதவர் விடுகிறார்.

இந்த யோசனையைக் கட்டாயமாக்கும் வல்லமை ஒருவருக்கு உண்டு. அவர் பெருந்தொகைக்கு வாங்குகிறவர். தமிழ்நாட்டு அரசாங்கம் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கும் திட்டத்தை 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் தொடங்கியது. கிராமத்து வீடுகளில் முதல் கணினியாக நுழைந்தது அதுவே. அப்போது பிள்ளைகள் பென்டிரைவைச் செருகக் கற்றார்கள். எல்லாத் துளையும் ஏறக்குறைய ஒரே வேகம் ஆதலால் வேறு கற்க வேண்டியிருக்கவில்லை. பிறகு 2025 மார்ச் 14 அன்று சமர்ப்பித்த வரவு செலவுத் திட்டத்தில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினியோ கைக்கணினியோ தரப்படும் என்று அரசாங்கம் அறிவித்தது. இத்தனை லட்சம் வாங்குகிறவர் டெண்டரில் ஒரு வரி சேர்த்துவிட்டால், எந்தக் கம்பெனியும் மறுக்காது: ஒவ்வொரு துளையின் அருகிலும் அதன் வேகத்தையும், அது சார்ஜ் ஏற்குமா, திரைக்குக் காட்சி தருமா என்பதையும் அழியாதபடி பொறிக்க வேண்டும்; கூடத் தரும் கேபிளின் தலையிலும் வேகமும் வாட்டும் பொறிக்க வேண்டும்; பெட்டிக்குள் அதே விவரங்களைத் தமிழில் ஒரு பக்கத்தில் அச்சிட்டு வைக்க வேண்டும். அச்சில் ஒரு முறை எண்ணைச் செதுக்கிவிட்டால், பத்து லட்சம் கணினிக்கும் அதே அச்சுதான். ஏழை வீட்டுப் பிள்ளை இரண்டாம் கணினி வாங்கிப் பார்த்துத் தெரிந்துகொள்ள வசதியற்றவன். அவனிடம் உள்ள ஒன்றே தன்னைப் பற்றி உண்மை சொல்ல வேண்டும்.

நம் ஊராரும் கை கட்டி நிற்க வேண்டியதில்லை. பம்புகளையும் மோட்டார்களையும் சோதித்துத் தரச் சான்று கொடுப்பதற்கென்று, சிடார்க் என்னும் பரிசோதனை நிலையத்தைத் தொழிலதிபர்கள் தம் முயற்சியால் கோவையில் நிறுவி நடத்தி வருகிறார்கள். ஒரு பம்பு தகட்டில் சொன்ன லிட்டரைக் கொடுக்கிறதா என்று அளக்கத் தெரிந்த ஊருக்கு, ஒரு கேபிள் உறையில் சொன்ன கிகாபிட்டைக் கொடுக்கிறதா என்று அளப்பது எட்டாத காரியம் அல்ல. காந்திபுரத்திலும் கிராஸ்கட் ரோட்டிலும் தள்ளுவண்டி முதல் பெரிய கடை வரையில் தொங்கும் கேபிள்களில் பத்துப் பத்தாக எடுத்து அளந்து முடிவை வெளியிட்டால், வாங்குகிறவர்களின் கண் திறக்கும். நல்ல சரக்கு விற்கிற வியாபாரிக்கும் அதுவே விளம்பரம். கொடிசியா போன்ற தொழிற் சங்கங்கள் இதை எடுத்துக்கொள்ளலாம். பாலிடெக்னிக்குகளும் ஐ.டி.ஐ.க்களும், மரையளவு பார்க்கும் கேஜைப் பிடிக்கக் கற்றுக்கொடுக்கும் அதே பெஞ்சில், ஒரு மணி நேரம் ஒதுக்கி, துளையருகில் உள்ள குறிகளைப் படிக்கவும் கற்றுக்கொடுக்கலாம்.

கணபதிப் பெரியவரிடம் திரும்ப வருகிறேன். அவருடைய புதிய கணினியின் தாள்களை இருவரும் உட்கார்ந்து படித்தோம். அவை ஆங்கிலத்தில் இருந்தன, நான் தமிழாக்கிச் சொல்லிக்கொண்டே வந்தேன். பட்டறைப் பையன் அலுமினியத் தகட்டை வெட்டி, பஞ்சுகளை வரிசைப்படுத்தி வைத்துக்கொண்டு காத்திருந்தான். வலப்பக்கத்து நீள்சதுரத் துளைக்கு 5 என்று அடித்தான், ஆர்.எஸ். கேபிளுக்கு மாற்றி போட்டு யந்திரத்தோடு இணைக்க அதுவே போதும். இடப்பக்கத்து முதல் டைப்-சிக்கு 10 என்றும், சார்ஜ் என்றும் அடித்தான். அதை அடுத்திருந்த இரண்டாவது டைப்-சி துளைக்கு வந்தபோது தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம்; டைப்-சி என்று ஒரு சொல் இருந்தது, அதற்குமேல் ஒன்றும் இல்லை. சோதித்துப் பார்ப்பதற்குத் தக்க வேகமான வட்டும் அன்று எங்கள் கையில் இல்லை. அந்த இடத்தை மட்டும் வெறுமையாக விட்டுத் தகட்டை ஒட்டினோம்.